ஏரல் வெள்ளமும் ஒரு ஹெட்டரும்

எங்க லேப் சர்வர்ல 417 ஃபைல் இருக்கு. எல்லாமே 2023 டிசம்பர் வெள்ளத்துல ஏரல்லயும் சுத்துப்பட்ட ஊர்கள்லயும் எடுத்த படமும் வீடியோவும். அதுல எந்த ஃபைலைப் பத்திக் கேட்டாலும் சர்வர் ஒரே பதிலைத்தான் சொல்லும்: லாஸ்ட்-மாடிஃபைடு, செவ்வாய், 11 நவம்பர் 2025. வெள்ளம் வடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகப்போற நேரத்துல ஒரு செவ்வாய்க்கிழமை. சர்வர் பொய் சொல்லல. நாம கேட்ட கேள்வி வேற, அது பதில் சொல்ற கேள்வி வேற.

இது எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டோட கதை. ஆனா இதுல ஒரு பழைய சண்டையும் இருக்கு, அதை முதல்ல சொல்லிடுறேன்.

2023 டிசம்பர் 17 ஞாயித்துக்கிழமை, 18 திங்கக்கிழமை. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ மழை. திருச்செந்தூர்ல இருந்து சென்னை கிளம்பின எக்ஸ்பிரஸ், சுமார் 800 பேரோட ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னதை நியூஸ்ல பார்த்திருப்பீங்க. தாமிரபரணி பொங்கினதுல ஏரல் பாலத்தோட இணைப்பு ரோடு அறுந்து, ஊர் தனியா நின்னுச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல. நான் அப்போ செகண்ட் இயர், ஹாஸ்டல்ல இருந்து வீட்டு நம்பரை அடிச்சுக்கிட்டே இருந்தேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' அந்த அம்மா சொல்றது இப்பவும் காதுல கேக்கும்.

சண்டை என்னன்னா, எங்க தெருவுக்குள்ள முதல்ல வந்தது குளத்துத் தண்ணியா, ஆத்துத் தண்ணியா? மேக்க இருக்கிற குளம் உடைஞ்சு அந்தத் தண்ணிதான் முதல்ல வந்துச்சுன்னு ஆச்சி சொல்லும். இல்ல, கிழக்க ஆறு கரை மீறினப்புறம்தான் எல்லாமேன்னு பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்லுவாரு. கேக்கறதுக்கு டீக்கடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனா அடுத்த தடவை மழை பெய்யுறப்ப ராத்திரி எந்தப் பக்கம் டார்ச் அடிச்சுப் பாக்கணும், வயசானவங்களை எந்தத் தெருவு வழியா கூட்டிட்டுப் போகணும்ங்கிறது இதை வச்சுத்தான் முடிவாகும். யார்கிட்டயும் கடிகாரம் பாத்து எழுதி வச்ச குறிப்பு இல்ல. போன்ல படம் மட்டும்தான் இருந்துச்சு.

அதனால நாங்க மூணு பேர் சேர்ந்து அந்தப் படங்களைச் சேகரிச்சு, நேர வரிசைல அடுக்குற ஒரு ஆர்க்கைவ் கட்டலாம்னு ஆரம்பிச்சோம். ஸ்டோரேஜுக்கு மினியோ. அமேசான் எஸ்3 பேசற அதே மொழியைப் பேசும், லேப் மெஷின்லயே ஓடும், காசு கிடையாது.

தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்ல ஃபோல்டர் கிடையாது. பக்கெட்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள கீங்கிற பேர்ல ஒரு ஆப்ஜெக்ட். நடுவுல சாய்வுக்கோடு போட்டு 'ஏரல்/தெரு/படம்1'னு கீ வச்சா ஃபோல்டர் மாதிரி கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆப்ஜெக்ட்டைக் கேட்டா ரெண்டு விஷயம் வரும்: உடம்பு, அதாவது படத்தோட பைட்டுகள், அதுக்கு முன்னாடி ஹெட்டர்கள். உடம்பே வேணாம், ஹெட்டர் மட்டும் போதும்னா 'கெட்'டுக்குப் பதிலா 'ஹெட்' ரிக்வெஸ்ட் அனுப்பணும். 52 எம்பி வீடியோவைப் பத்தித் தெரிஞ்சுக்க சில நூறு பைட்ல வேலை முடிஞ்சுது. ஹாஸ்டல் வைஃபைல ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம்னு தெரியும்.

ஹெட் அனுப்பினா என்ன வரும்? கன்டென்ட்-லெங்த், எத்தனை பைட். கன்டென்ட்-டைப், படமா வீடியோவா. இது ஃபைலைத் திறந்து பாத்து சொல்றது இல்ல, அப்லோடு பண்ணினவங்க என்ன சொன்னாங்களோ அது. ஒண்ணும் சொல்லலைன்னா எஸ்3 'பைனரி/ஆக்டெட்-ஸ்ட்ரீம்'னு போட்டுக்கும். அப்புறம் பிரவுசர்ல படம் தெரியாம டவுன்லோடு ஆகும். ஈடேக்னு ஒண்ணு வரும், அதுக்கு அப்புறம் வர்றேன். லாஸ்ட்-மாடிஃபைடு. கடைசியா 'எக்ஸ்-ஏஎம்இசட்-மெட்டா-'னு ஆரம்பிக்கிற ஹெட்டர்கள். இதுல நாம என்ன வேணா எழுதி வைக்கலாம். கூகுள் ஸ்டோரேஜ்ல இதுக்குப் பேர் 'எக்ஸ்-கூக்-மெட்டா-', அஸூர்ல 'எக்ஸ்-எம்எஸ்-மெட்டா-', ஓப்பன்ஸ்டாக் ஸ்விஃப்ட்ல 'எக்ஸ்-ஆப்ஜெக்ட்-மெட்டா-'. ஆள் வேற, வீட்டு அமைப்பு ஒண்ணுதான்.

இப்ப லாஸ்ட்-மாடிஃபைடு. பேரைப் பாத்தா 'படம் கடைசியா எப்ப மாறுச்சு'ன்னு தோணும். உண்மைல அது 'இந்த ஆப்ஜெக்ட் இந்த பக்கெட்டுக்குள்ள எப்ப வந்துச்சு'ங்கிற தேதி. ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்ல பொதுவா உடம்பை இருக்கிற இடத்துலயே திருத்த முடியாது; எஸ்3ல மெட்டாடேட்டால ஒரே ஒரு வார்த்தை சேர்க்கணும்னாகூட ஆப்ஜெக்ட்டை அது மேலயே காப்பி பண்ணணும். காப்பி பண்ணினா புது ஆப்ஜெக்ட், புது தேதி. பெரிய ஃபைலைத் துண்டு துண்டா ஏத்தினா, ஏத்தி முடிச்ச நேரம்கூட இல்ல, ஏத்த ஆரம்பிச்ச நேரம்தான் தேதியா வரும். எங்க லேப்ல நவம்பர்ல டிஸ்க் மாத்தினாங்க. 417 ஃபைலும் புது பக்கெட்டுக்குப் போச்சு. அதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

எங்க ஊர்ல இருந்து ஆத்தோட மேக்க போனா ஆதிச்சநல்லூர். 1876ல பெர்லின்ல இருந்து வந்த ஜாகோர் அங்க தோண்டி, கிடைச்சதைக் கொண்டு போனாரு. 1899ல இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீ தோண்டினாரு. அவரோட கேட்டலாக் 1915ல அச்சாச்சு. அந்தத் தாழிக்கு வயசு என்னன்னு கேட்டா யாரும் 1915னு சொல்ல மாட்டாங்க. பொருளோட தேதி வேற, அது ரிஜிஸ்டர்ல ஏறின தேதி வேறங்கிறது அங்க எல்லாருக்கும் புரியுது. கம்ப்யூட்டர்னு வந்துட்டா மட்டும் ஏன் மறந்து போகுதுன்னு தெரியல. 'சார்ட் பை டேட்'னு ஒரு பட்டன் இருக்கிறதாலயோ என்னவோ.

சரி, படம் எடுத்த நேரம் எங்க இருக்கு? பல படங்கள்ல அது படத்துக்குள்ளயே இருக்கு, எக்ஸிஃப்ங்கிற பகுதில. அது ஹெட்டர்ல வராது, ஏன்னா அது உடம்போட பாகம்; ஸ்டோரேஜ் உடம்பைத் திறந்து படிக்கறதே இல்ல. ஆனா முழுப் படத்தையும் இறக்கணும்னு இல்ல. ஜேபெக்ல எக்ஸிஃப் ஆரம்பத்துலயே இருக்கும், அந்தப் பகுதியோட நீளம் 64 கேபியைத் தாண்ட முடியாது. அதனால ரேஞ்ச் ஹெட்டர் போட்டு முதல் 64 கேபியையோ கொஞ்சம் கூடவோ கேட்டா போதும். 206ங்கிற கோடோட அந்தத் துண்டு மட்டும் வரும்.

பிரச்சினை, எங்களுக்கு வந்த படங்கள்ல பாதிக்கு மேல வாட்ஸ்ஆப் வழியா வந்தது. படமா அனுப்பினா வாட்ஸ்ஆப் எக்ஸிஃபை உருவிட்டுத்தான் அனுப்பும். மிச்சம் இருக்கிறது ஃபைல் பேர்ல ஒரு தேதி: 'ஐஎம்ஜி-20231222-டபிள்யூஏ0031' மாதிரி. அது 22ஆம் தேதி. அன்னிக்குத் தண்ணி வடிஞ்சு, டவர் வந்து, ஜனங்க சொந்தக்காரங்களுக்குப் படம் அனுப்ப ஆரம்பிச்ச நாள். ஆக ஒரே படத்துக்கு நாலு தேதி: எடுத்தது, அனுப்பினது, நாங்க ஏத்தினது, டிஸ்க் மாத்தினப்ப காப்பி ஆனது. ஹெட்டர்ல தெரியுறது கடைசி ஒண்ணு. எங்களுக்கு வேண்டியது முதல் ஒண்ணு.

அதனால திரும்ப ஒரு தடவை ஊர் சுத்தினோம். சித்தப்பாவை முன்னால விட்டுட்டு, வீடு வீடாப் போயி, 'அந்தப் படத்தை டாக்குமெண்ட்டா அனுப்புங்க அண்ணாச்சி'ன்னு கேட்டோம். டாக்குமெண்ட்டா அனுப்பினா ஃபைல் அப்படியே வரும். சில பேர் போனை மாத்தியிருந்தாங்க. ஒரு அக்கா, தண்ணில நனைஞ்சு செத்துப்போன போனை அரிசி டப்பாலயே இன்னமும் வச்சிருந்தாங்க. அதை ஒண்ணும் பண்ண முடியல.

இங்க ஈடேக் உதவுச்சு. சின்ன ஃபைலா, ஒரே மூச்சுல, சாதாரணமா ஏத்தினா எஸ்3 தர்ற ஈடேக் அந்த ஃபைலோட எம்டி5. ஒரே ஃபைலை மூணு பேர் அனுப்பியிருந்தா மூணு கீக்கும் ஒரே ஈடேக், படத்தைத் திறக்காமலே டூப்ளிகேட்டைப் பிடிச்சிடலாம். வீடியோல இது செல்லாது. துண்டு துண்டா ஏத்தினா, ஒவ்வொரு துண்டோட எம்டி5ஐயும் ஒட்டி, அதுக்கு ஒரு எம்டி5 எடுத்து, வால்ல ஒரு கோடும் துண்டு எண்ணிக்கையும் சேர்த்துடும். 52 எம்பி வீடியோவை 8 எம்பி துண்டா ஏத்தினா வால்ல 7; 16 எம்பி துண்டா ஏத்தினா 4. ஃபைல் ஒண்ணுதான், ஈடேக் ரெண்டு. ஈடேக்கை கைரேகைன்னு நெட்ல எழுதியிருப்பாங்க, அதை அப்படியே எடுத்துக்காதீங்க. ஸ்பெசிஃபிகேஷன் அதுக்குக் கொடுக்கிற வேலை வேற: இது பழைய வெர்ஷனா புதுசான்னு கேச் கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு அடையாளம். எம்டி5ஆ இருக்கணும்னு கட்டாயமே இல்ல.

இனி அந்தச் சண்டை. எங்க தெருவுக்கு முக்கியமான ஃபைல் ரெண்டு. ஒண்ணு, தெருவோட மேக்கோரத்துல டார்ச் வெளிச்சத்துல எடுத்த படம். வாசப்படில தண்ணி ஓடுது. எக்ஸிஃப்ல 18ஆம் தேதி விடியக்காலம் 1:20. இன்னொண்ணு, ஆத்துப் பக்கம் மொட்டை மாடில இருந்து எடுத்த வீடியோ; தண்ணி கிழக்க இருந்து தெருவுக்குள்ள ஏறுறது நல்லாத் தெரியுது. அந்த ஃபைலுக்குள்ள இருந்த நேரம் 17ஆம் தேதி ராத்திரி 10:05. அப்படியே வரிசை போட்டா அண்ணாச்சி ஜெயிச்சாரு, மூணு மணி நேரத்துக்கும் மேல வித்தியாசத்துல.

எனக்கு அது இடிச்சுது. லிஸ்ட்டை சித்தப்பாகிட்ட காட்டினேன். அவரு வீடியோவை ரெண்டு தடவை பாத்தாரு.

"ஏல, பத்து மணிக்கு நாங்க டிவில்லா பாத்துட்டு இருந்தோம். கரண்ட் போனதே பன்னெண்டுக்கு மேலதான். இதுல பாரு, ஊரே இருட்டாக் கிடக்கு."

"அப்போ போன்ல டைம் தப்பா இருந்திருக்குமா சித்தப்பா?"

"போன் எப்படிலே தப்பாப் போவும்? நீ கணக்கைப் பாரு."

கணக்குதான். எம்பி4 ஃபைலுக்குள்ள எழுதற நேரம், ஸ்டாண்டர்டுபடி, உலகப் பொது நேரம். ஜேபெக் எக்ஸிஃப்ல எழுதறது அந்த இடத்துக் கடிகார நேரம், பெரும்பாலும் எந்த டைம்ஜோன்னே குறிப்பு இல்லாம. டைம்ஜோன் எழுத ஒரு ஃபீல்டு 2016ல வந்த எக்ஸிஃப் 2.31லதான் சேர்ந்துச்சு. ஒரே போன்ல எடுத்தாக்கூட படமும் வீடியோவும் ரெண்டு கடிகாரம் பேசும். நடுவுல அஞ்சரை மணி நேரம். 17ஆம் தேதி 10:05ஓட அஞ்சரையைக் கூட்டுங்க: 18ஆம் தேதி விடியக்காலம் 3:35. மேக்கோரத்துப் படத்துக்கு ரெண்டேகால் மணி நேரம் பின்னாடி.

ஆச்சிகிட்ட சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேன்லா எய்யா, எவன் கேட்டான்?"னு சொல்லிட்டு வாழைக்காய் சீவப் போயிட்டு.

அண்ணாச்சி இன்னும் ஒத்துக்கல. அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு: 1:20க்கு வாசப்படில ஓடினது குளத்துத் தண்ணின்னு படத்துல எழுதியா இருக்கு, வெறும் மழைத் தண்ணியாவும் இருக்கலாமேங்கிறாரு. எங்களால சொல்ல முடிஞ்சது, எங்க ஒரு தெருவுல, ஆறு ஏறுறதுக்கு முன்னாடியே மேக்கப் பக்கம் வாசப்படி அளவு தண்ணி நின்னுச்சுங்கிறது. அதுவே இதுக்கு முன்னாடி யாருக்கும் உறுதியாத் தெரியாது. அடுத்த மழைக்கு மேக்கப் பக்கம் ஒரு ஆள் முழிச்சிருக்கணும்னு தெருவுல பேசியிருக்காங்க.

அந்த அஞ்சரை மணி நேரம் ஹெட்டர்லயும் உண்டு. எச்.டி.டி.பி ஹெட்டர்ல வர்ற தேதி எப்பவும் ஜிஎம்டிதான், வேற எதுவும் எழுத அனுமதி இல்ல. திங்கக்கிழமை விடியக்காலம் 4 மணிக்கு ஏரல்ல ஏத்தின ஃபைல், ஹெட்டர்ல ஞாயித்துக்கிழமை ராத்திரி 10:30ன்னு இருக்கும். கிழமையே மாறிடும்.

ஸ்டோரேஜோட தேதியை நம்பி வாழ முடியாதுன்னு ஆனப்புறம், நாங்களே எழுதற மெட்டாடேட்டாதான் வழி. எடுத்த நேரம், அந்த நேரம் எங்க இருந்து கிடைச்சுது (எக்ஸிஃபா, வீடியோவா, ஆள் சொன்னதா), எடுத்தவர் எந்தத் தெரு. ரெண்டாவது ஃபீல்டுதான் எனக்கு ரொம்ப முக்கியம். ஆள் ஞாபகத்துல சொன்ன நேரமும் போன் எழுதின நேரமும் பக்கத்துல பக்கத்துல ஒரே மாதிரி உக்காந்திருந்தா பின்னாடி பாக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. நாம எழுதற இந்த ஹெட்டர்கள் சாதாரண காப்பில கூடவே வரும், லாஸ்ட்-மாடிஃபைடு மாதிரி அழியாது. ஆனா காப்பி பண்றப்ப 'ரீப்ளேஸ்'னு சொல்லிட்டா, புதுசா நாம கொடுக்கிறது மட்டும்தான் தங்கும். பழசு மொத்தமும் போயிடும். ஸ்விஃப்ட்லயும் ஒரு போஸ்ட் அனுப்பினா இதே கதை. ஒரு ஃபீல்டு சேர்க்கணும்னாலும் பழைய எல்லாத்தையும் படிச்சு, சேர்த்து, முழுசாத் திருப்பி எழுதணும்.

கூகுள்ல 'கஸ்டம்-டைம்'னு தனியாவே ஒரு ஃபீல்டு உண்டு. அதைப் பாத்ததும் எங்க டீம்மேட்டுக்கு ஒரே சந்தோஷம். ஆனா ஒரு தடவை போட்டா எடுக்க முடியாது, முன்தேதிக்கும் நகர்த்த முடியாது. எடுத்த நேரத்தைத் திருத்தித் திருத்தி எழுதற எங்க மாதிரி ஆளுங்களுக்கு அது ஒத்து வராது.

அப்புறம் தமிழ். தெரு பேரைத் தமிழ்லயே எழுதலாம்னு பார்த்தோம். பைத்தான்ல எஸ்3யோட பேசற லைப்ரரிக்குப் பேர் போட்டோ3 (படத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அமேசான் ஆத்து டால்ஃபின் பேராம்). அது 'ஏரல்'ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் எரர் அடிச்சு நிறுத்திடுச்சு: மெட்டாடேட்டால ஆஸ்கி எழுத்து மட்டும்தான் வரலாமாம். ஹெட்டர்ங்கிறது ஆங்கிலம் மட்டும் பேசின காலத்துல போட்ட ரோடு, இன்னமும் அதே அகலம். வேணும்னா மாத்தி எழுதி அனுப்பணும். 'ஏரல்' நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளியையும் சேர்த்து நாலு. யூடிஎஃப்-8ல 12 பைட். பேஸ்64ல எழுதினா 16 எழுத்து, யூஆர்எல்ல வர்ற மாதிரி சதவீதக் குறி போட்டு எழுதினா 36. எஸ்3ல நம்ம மெட்டாடேட்டா மொத்தமும் 2 கேபிக்குள்ள அடங்கணும். ஆச்சி அந்த ராத்திரியைப் பத்தி மூச்சு விடாம சொன்னதுல கால்வாசிகூட அதுல அடங்காது.

அதனால ஹெட்டர்ல நேரமும் எண்ணும் மட்டும் ஆஸ்கில. ஜனங்க சொன்னது எல்லாம் பக்கத்துலயே அதே கீ பேர்ல ஒரு ஜேசான் ஃபைல், முழுக்கத் தமிழ்ல, அவங்க சொன்ன மாதிரியே. நம்ம மொழி ஹெட்டருக்கு வெளிய உக்காந்திருக்கிறது எனக்குப் பிடிக்கல, ஆனா வேலை நடக்குது. ஃப்ரண்ட்எண்ட் பண்றவங்களுக்கு ஒரு குறிப்பு: பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட் இந்த மெட்டா ஹெட்டர்களைப் படிக்கணும்னா பக்கெட்டோட கார்ஸ் செட்டிங்ல 'எக்ஸ்போஸ்-ஹெட்டர்ஸ்'ல ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிச் சேர்க்கணும். இல்லைன்னா நெட்வொர்க் டேப்ல கண்ணுக்குத் தெரியும், கோடுக்குத் தெரியாது. இதுல ஒரு முழு சாயங்காலம் போச்சு.

கடைசியா சேர்த்த ஃபீல்டு சித்தப்பா சொன்னது. "டைம் மட்டும் போட்டா என்ன தெரியும்? தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு போடு." மீட்டர்ல எழுத யார்கிட்டயும் அளவு இல்ல. அதனால ஊர்ல சொல்ற மாதிரியே அஞ்சு மதிப்பு: வாசப்படி, கரண்டைக்கால், முழங்கால், இடுப்பு, நெஞ்சு. ஹெட்டர்ல 1ல இருந்து 5, ஜேசான்ல வார்த்தை. 417ல 260க்கு முடிஞ்சுது. மீதிக்கு அந்த ஃபீல்டு காலியாத்தான் இருக்கு. பொங்கல் லீவுல ஆச்சி வீட்டுத் திண்ணைல லேப்டாப்பை வச்சு, ஒவ்வொரு படமாக் காட்டிக் கேக்கணும்.